புள்ளி விழுந்த வீட்டில்தான் நோய் தொற்றியதா?

நோய்க் கண்காணிப்புப் பிரிவில் வரைபடம் போடுவதுதான் இத்தனை ஆண்டுகளாக என் வேலை. காகித வரைபடத்தில் வண்ணக் குண்டூசி குத்திய காலத்தில் சேர்ந்தேன். இப்போது எல்லாம் திரையில். தொற்றுநோய் பரவுவதை டிஜிட்டல் வரைபடத்தில் பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஜான் ஸ்நோ என்ற டாக்டர் 1854இல் லண்டனில் காலரா இறப்புகளை வரைபடத்தில் குறித்தார், உடனே தண்ணீர் பம்புதான் காரணம் என்று கண்டுபிடித்தார் என்று படித்தோம். அன்று கையால் செய்ததை இன்று கம்ப்யூட்டர் வேகமாகச் செய்கிறது, அவ்வளவுதானே? (பொது சுகாதாரம் படிக்கும் மாணவி)

பதில்: அந்தக் கதையில் வரிசை கொஞ்சம் மாறிவிட்டதம்மா. சோஹோ பகுதியில் காலரா வெடித்தது 1854 ஆகஸ்ட் 31 இரவு. பிராட் தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. ஸ்நோ தன் வரைபடத்தை மருத்துவர்கள் கூட்டத்தில் காட்டியது டிசம்பரில். கைப்பிடி கழன்று மூன்று மாதம் ஆகியிருந்தது. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று 1849இலேயே எழுதியவர் அவர். தன் சந்தேகத்தை மற்றவர்களும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக வரைந்த படம் அது.

சந்தேகத்தை உறுதி செய்தது வீடு வீடாகப் போய்க் கேட்டதுதான். இறந்தவர்களில் பத்துப் பேரின் வீடு வேறு ஒரு பம்புக்குத்தான் பக்கம். வரைபடத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பத்துப் புள்ளிகளும் அவர் சொன்னதற்கு எதிரான சாட்சி. அவர் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போனார். ஐந்து குடும்பங்கள், பக்கத்துப் பம்பை விட்டுவிட்டு எப்போதும் பிராட் தெருத் தண்ணீரைத்தான் எடுத்துவரச் சொல்வோம் என்றன. இன்னும் மூன்று பேர் அந்தப் பம்புக்கு அருகில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். அதேபோல, பம்புக்குப் பக்கத்திலேயே 535 பேர் இருந்த ஏழைகள் விடுதியில் இறந்தவர்கள் ஐந்தே பேர். விசாரித்தால், அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி காலராவில் இறந்தார். அவருக்கு பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடிக்கும் என்று வண்டியில் வரவழைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்நோவுக்கு முன்பே இப்படிப் படம் போட்டவர்கள் உண்டு. 1798இல் நியூயார்க்கில் வாலண்டைன் சீமன் என்ற மருத்துவர் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளைக் குறித்தார். புள்ளிகள் துறைமுகத்தை ஒட்டிய குப்பைக்கூளத்துக்குப் பக்கத்தில் விழுந்தன. அழுகல் நாற்றம்தான் நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டினார். கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது என்று அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு கியூபாவில் 1900இல்தான் நிரூபித்தது. சீமன் குறித்த இடங்கள் சரிதான். அவற்றுக்கு அவர் சொன்ன விளக்கம்தான் தவறு. படம் போடக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரும் ஸ்நோவின் படத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

கம்ப்யூட்டர் தருவது வேகம் மட்டும் இல்லை. மார்ட்டின் குல்டார்ஃப் என்ற புள்ளியியலாளர் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. வரைபடத்தின் மேல் வட்டங்களை நகர்த்திக்கொண்டே போகும், சிறிதாக்கும், பெரிதாக்கும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் வழக்கமாக இந்த நாட்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட நோயாளிகள் கூடியிருக்கிறார்களா என்று கணக்குப் பார்க்கும். சாட்ஸ்கேன் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. 2015 கோடையில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் லீஜனேர் என்ற நுரையீரல் நோய் கூடுவதை, சுகாதாரத் துறை தினமும் ஓட்டிவந்த இந்தக் கணக்குதான் முதலில் எச்சரித்தது. 138 பேருக்கு நோய், 16 பேர் இறந்தார்கள். ஆனால் எந்தக் கட்டடம் என்று வட்டம் சொல்லாது. ஆட்கள் மாடி மாடியாக ஏறி, குளிரூட்டும் கோபுரங்களில் தண்ணீர் எடுத்து, அதிலிருந்த பாக்டீரியாவின் மரபணுவை நோயாளிகளிடம் கிடைத்ததோடு ஒப்பிட்டுத்தான் கோபுரத்தைக் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: நோயாளியின் வீட்டு வாசலில் நின்று ஜிபிஎஸ் எடுக்கிறோம். அதற்கு அப்புறமும் வேலை இடம், பள்ளி, போன இரண்டு வாரம் எங்கெங்கே போனார் என்று படிவம் நீண்டுகொண்டே போகிறது. காய்ச்சலில் கிடப்பவரிடம் இவ்வளவு கேட்கச் சங்கடமாக இருக்கிறது. வீடு போதாதா? (களப்பணியாளர்)

பதில்: போதாது. உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் தயவுசெய்து அந்தக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள். வீட்டில் விழும் புள்ளி, நோயாளி எங்கே படுக்கிறார் என்பதைத்தான் சொல்கிறது. கிருமி எங்கே ஏறியது என்பது வேறு கேள்வி.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். பகலில் பலர் வீட்டிலேயே இருப்பதில்லை. கடித்து நான்கு முதல் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுவது. அப்படியிருக்க நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நோய் எப்படிப் போகிறது? மனிதர்கள்தான் கொண்டுபோகிறார்கள். பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரத்தில் நோயாளிகள் சமீபத்தில் எந்தெந்த வீடுகளுக்குப் போய்வந்தார்கள் என்று கேட்டு, அந்த வீடுகளில் இருந்தவர்களின் ரத்தத்தையும் சோதித்தார்கள். பக்கத்து வீடு, தூரத்து வீடு என்பதைவிட, நோயாளி போய்வந்த வீடா இல்லையா என்பதே பெரிய வித்தியாசமாக இருந்தது. 2013இல் வெளியான ஆய்வு. அதைப் படித்த பிறகு, நோயாளி வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் மட்டும் மருந்தடித்துவிட்டு வருவதை என்னால் முழு வேலை என்று ஏற்க முடியவில்லை.

எத்தனை நாள் பின்னால் போய்க் கேட்க வேண்டும் என்பது நோய்க்கு நோய் மாறும். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை பார்த்தால் போதும். காசநோய் தொற்றிப் பல ஆண்டுகள் கழித்துக்கூட வெளிப்படலாம், ஆகவே இன்றைய முகவரி அங்கே பெரிதாக உதவாது. ஒரு யோசனை: நோயாளி களைப்பாக இருந்தால் கூட இருப்பவரிடம் கேளுங்கள். "எங்கெல்லாம் போனீர்கள்?" என்று மொட்டையாகக் கேட்டால் "எங்கேயும் போகவில்லை" என்றுதான் பதில் வரும். நாளைச் சொல்லி, காலை, மதியம், மாலை என்று பிரித்துக் கேட்டால் தானாக ஞாபகம் வரும்.

கேள்வி: நாங்கள் பதிவு செய்யும் புள்ளிகளில் சில ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் போய் விழுகின்றன. மென்பொருள் கோளாறா? (தரவுப் பதிவாளர்)

பதில்: கோளாறு மென்பொருளில் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டால், சில செயலிகள் அதைப் பூஜ்யம், பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த இடம் கினி வளைகுடாவில் இருக்கிறது. உலகம் முழுக்க விடுபட்ட முகவரிகள் எல்லாம் அங்கேதான் போய்க் குவிகின்றன.

கடலில் விழும் புள்ளி நல்ல புள்ளி என்பேன். தப்பு என்று பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. தரையில் விழும் தப்புதான் ஆபத்து. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் புள்ளி வேறொரு நாட்டுக்குப் போய்விடும், அதையும் பிடித்துவிடலாம். தசமத்துக்குப் பிறகு இலக்கங்களை வெட்டிவிட்டால் பிடிப்பது கஷ்டம். ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். மூன்று இருந்தால் சுமார் 110 மீட்டர், அதாவது வேறு தெரு. ஒரே ஒரு இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர் வரை தள்ளிப் போகும். விரிதாளில் திறந்து சேமிக்கும்போது இலக்கங்கள் சுருங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இதைவிட மோசமானது நடுப்புள்ளி. முகவரியைக் கம்ப்யூட்டர் தேடும்போது தெருவும் கதவு எண்ணும் கிடைக்காவிட்டால், அந்தப் பகுதி முழுவதற்கும் நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிடும், சொல்லாமல் கொள்ளாமல். ஒருமுறை எங்கள் திரையில் ஒரே வாரத்தில் ஓரிடம் சிவந்துகொண்டே வந்தது. எல்லாரும் பரபரப்பானோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், புள்ளிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு நீர்நிலையின் நடுவில் நின்றன. அங்கே வீடே கிடையாது. முகவரி முழுமையாக இல்லாதவர்கள் எல்லாரையும் மென்பொருள் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு புள்ளியோடும் அது எப்படிக் கிடைத்தது என்று ஒரு கட்டம் வைக்கிறோம்: வாசலில் எடுத்த ஜிபிஎஸ்ஸா, தெருவின் நடுவா, பகுதியின் நடுவா. நோயாளிகள் ஓரிடத்தில் குவிகிறார்களா என்று பார்க்கும் கொத்துக் கணக்கு (மேலே சொன்ன வட்டக் கணக்கு) ஓட்டும்போது கடைசி வகையை விலக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கொத்து காணாமல் போனால் அது நோயின் கொத்து இல்லை.

அப்புறம் நேரத்தையும் பாருங்கள். பத்து நோயாளிகளின் ஜிபிஎஸ்ஸும் ஒரே மாலையில் சில நிமிட இடைவெளியில் பதிவாகியிருந்தால், யாரோ மேசையில் உட்கார்ந்தே எடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: நான் இருக்கும் பகுதியை வரைபடத்தில் அடர் சிவப்பில் காட்டினார்கள். பக்கத்துப் பகுதி வெளிர் மஞ்சள். குழந்தைகளை வெளியே அனுப்பவே பயமாக இருக்கிறது. (இல்லத்தரசி)

பதில்: பயப்படுவதற்கு முன் அந்தப் படத்தின் மூலையில் இருக்கும் விளக்கக் குறிப்பைப் படியுங்கள் அம்மா. நிறம் எண்ணிக்கையைக் காட்டுகிறதா, மக்கள்தொகைக்கு இத்தனை என்ற விகிதத்தையா? எண்ணிக்கை என்றால், ஆள் அதிகம் இருக்கும் இடம் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். 2 லட்சம் பேர் இருக்கும் நகரத்தில் 400 நோயாளிகள் என்றால் லட்சத்துக்கு 200. விகிதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 200 பேர் மட்டும் இருக்கும் குடியிருப்பில் இரண்டே பேருக்கு வந்தால் லட்சத்துக்கு 1,000 என்று ஆகி, நகரத்தைவிட ஐந்து மடங்கு மோசமாகத் தெரியும். அடுத்த வாரம் ஒருவருக்கும் வராவிட்டால் அதே இடம் வெள்ளையாகிவிடும். சின்ன இடங்களின் விகிதம் இப்படித்தான் தாவும். அதனால் பக்கத்துப் பகுதிகளின் கணக்கையும் சேர்த்துச் சற்று சமன் செய்துதான் நாங்கள் படம் போடுவோம்.

எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். சோதனை நன்றாக நடக்கும் இடம் சிவக்கும். சோதனையே நடக்காத இடம் நிம்மதியாக மஞ்சளில் தூங்கும். எனக்கு எப்போதும் கவலை தருவது அந்த மஞ்சள்தான்.

கொரோனா காலத்தில் கோடிக்கணக்கானோர் பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வரைபடம் ஞாபகம் இருக்கும். லாரன் கார்ட்னரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் என்ஷெங் டாங்கும் 2020 ஜனவரி 22 அன்று வெளியிட்டது, 2023 மார்ச் வரை ஓடியது. அரசுகளே அதைப் பார்த்தன, அவ்வளவு பெரிய உதவி. ஆனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு வட்டங்கள் மொத்த எண்ணிக்கையைக் காட்டின. மொத்தம் என்பது குறையவே குறையாது. நோய் அடங்கிவிட்ட நாட்டின் வட்டமும் அப்படியே நின்றது. இன்றைக்கு வெளியே போகலாமா என்பதற்கு, கடந்த ஒன்றிரண்டு வாரத்தில் புதிதாக எத்தனை பேருக்கு என்ற படம்தான் வேண்டும். உங்கள் பகுதிக்கு அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: செயற்கைக்கோளால் நோய் வருவதை முன்கூட்டியே சொல்ல முடியும் என்கிறார்களே? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: சில நோய்களுக்கு முடியும் ஐயா. கிருமி வானிலிருந்து தெரியாது. கிருமியைச் சுமக்கும் உயிர் வாழத் தேவையான மழையும் பச்சையும் வெப்பமும் தெரியும். நல்ல உதாரணம், கிழக்கு ஆப்பிரிக்காவில் கால்நடைகளையும் மனிதர்களையும் தாக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல். அதைச் சுமக்கும் கொசுக்களில் ஒரு வகையின் முட்டை காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெருமழையில் பள்ளங்கள் நிரம்பினால் மொத்தமாகப் பொரியும். 2006இல் கடல் வெப்பம் கூடியதையும், பிறகு வறண்ட நிலம் வழக்கத்துக்கு மாறாகப் பச்சையானதையும் நாசாவைச் சேர்ந்த அசாஃப் அன்யம்பா குழு செயற்கைக்கோள் படங்களில் கவனித்து எச்சரித்தது. அந்த ஆண்டு இறுதியில் கென்யாவில் நோய் வந்தது, அடுத்து சோமாலியா, தான்சானியா. இரண்டு முதல் ஆறு வாரம் முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்தது. கால்நடைத் தடுப்பூசிக்கும் ஆட்களை அனுப்புவதற்கும் அது பொன்னான நேரம்.

மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகத் தொற்றும் ஃப்ளூ போன்றவற்றுக்கு வானம் உதவாது. தேடல் சொற்களை வைத்து ஃப்ளூவைக் கணிக்க 2008இல் கூகுள் ஒரு சேவை தொடங்கியது. 2012–13 குளிர்காலத்தில் அது உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டியது. 2015இல் நிறுத்தினார்கள்.

கேள்வி: நோய் எங்கிருந்து வந்தது என்று வரைபடத்தால் நிரூபிக்க முடியுமா? (சட்டம் படிக்கும் மாணவர்)

பதில்: தனியாக நின்று நிரூபிக்காது தம்பி. ஆனால் மறைக்க முடியாதபடி கேள்வி கேட்கும். ஹெய்ட்டியில் 2010 அக்டோபரில் காலரா வந்தபோது, அந்த ஆண்டு நடந்த நிலநடுக்கத்தின் விளைவு என்றும், கடல்நீர் சூடானதால் என்றும் பேசினார்கள். ரெனோ பியாரூ என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்நாட்டுச் சுகாதாரப் பணியாளர்களோடு சேர்ந்து, எந்த ஊரில் எந்த நாளில் எத்தனை பேர் என்று வரைபடத்தில் அடுக்கினார். கடற்கரையில் நோய் தொடங்கியிருக்கவில்லை. உள்நாட்டில் மிர்பாலே அருகே தொடங்கி, ஆர்டிபோனிட் ஆற்றின் போக்கிலேயே கீழே இறங்கியிருந்தது. நிலநடுக்கம் தாக்கிய தலைநகரில் அது தொடங்கவுமில்லை. முதல் நோயாளிகள் இருந்த இடத்துக்கு மேலே, ஓடைக்கரையில் ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்று இருந்தது. படையினர் வந்தது நேபாளத்திலிருந்து. பிறகு கிருமியின் மரபணுவும் நேபாளத்தில் எடுத்த மாதிரிகளோடு ஒத்துப்போனது. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆறு ஆண்டு ஆனது என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

கேள்வி: என் தம்பிக்கு வந்த நோயை வெளியே சொல்ல முடியாது. வரைபடத்தில் எங்கள் வீட்டில் புள்ளி வைத்துவிட்டால்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: நியாயமான பயம். 2006இல் பிரவுன்ஸ்டீன், கேசா, மாண்டல் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாஸ்டன் நகரத்தின் 550 முகவரிகளைக் கற்பனை நோயாளிகளாகப் புள்ளி வைத்து, இதழில் அச்சாகும் அளவுக்கு ஒரு சாதாரணப் படம் தயாரித்தார்கள். அந்தப் படத்தை மட்டும் வைத்துத் திரும்பத் தேடியபோது 432 முகவரிகளைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடிந்தது. பெயர் போடவில்லையே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அதனால் பொறுப்போடு வேலை செய்பவர்கள் வீட்டுப் புள்ளியை வெளியிடவே மாட்டார்கள். பகுதி வாரியாகக் கூட்டித் தருவார்கள், மிகச் சிறிய எண்களை மறைப்பார்கள், அல்லது புள்ளியை வேண்டுமென்றே நகர்த்திவிடுவார்கள். பல நாடுகளில் நடந்துவந்த டிஎச்எஸ் என்ற குடும்பநலக் கணக்கெடுப்பில் நகரப் புள்ளிகளை 2 கிலோமீட்டர் வரையிலும், கிராமப் புள்ளிகளைப் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரையிலும் தள்ளி வைத்துத்தான் வெளியே தந்திருக்கிறார்கள். கைபேசித் தகவலிலும் இதே கவனம் வேண்டும். கென்யாவில் ஏறக்குறைய 1.5 கோடிக் கைபேசிகளின் நடமாட்டத்தை வைத்து, விக்டோரியா ஏரிப் பகுதியிலிருந்து மலேரியா எப்படி நைரோபிக்குப் பயணிக்கிறது என்று 2012இல் காட்டினார்கள். அதற்கு யார் எங்கே போனார் என்பது தேவைப்படவில்லை. இந்தப் பகுதியிலிருந்து அந்தப் பகுதிக்கு எத்தனை பேர் என்பதே போதும். உங்கள் தம்பியின் தகவலை வாங்குபவரிடம், இது எந்த அளவில் வெளியாகும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மருத்துவம் தெரியாது. கம்ப்யூட்டர் மட்டும் தெரியும். நானும் உதவ முடியுமா? (மென்பொருள் ஊழியர்)

பதில்: தாராளமாக. 2014 மார்ச்சில் கினி நாட்டில் எபோலா உறுதியானபோது, கெக்கெடு பகுதிக்குப் பயன்படும்படியான வரைபடமே இல்லை. நோயாளி தன் ஊர்ப் பெயரைச் சொல்வார், அந்த ஊர் எங்கே என்று யாருக்கும் காட்டத் தெரியாது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலைகளையும் வீடுகளையும் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள். அதே ஆண்டு செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் மனிதாபிமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவும் சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டத்தைத் தொடங்கின. அதில் கணக்குத் தொடங்கினால் வரைவதற்கு வரைபடத்தில் உங்களுக்கு ஒரு சின்னச் சதுரம் ஒதுக்குவார்கள். கட்டடத்தைக் கோடு இழுக்கும்போது கூரையின் விளிம்பை விட்டுவிட்டு, சுவர் தரையைத் தொடும் இடத்தைப் பிடியுங்கள், ஏனென்றால் படம் சாய்வாக எடுத்ததாக இருந்தால் கூரை தள்ளித் தெரியும். வட்டக் குடிசையை வட்டமாகவே வரையுங்கள். மரமா வீடா என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள், சரிபார்க்கிறவர் பார்த்துக்கொள்வார். அவர் உங்கள் சதுரத்தைத் திருப்பி அனுப்பினால், எழுதிய காரணத்தைப் படித்துத் திருத்திவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போங்கள்.